பிளாஸ்டிக் என்று சொன்ன பறவை

உன் கையால் செய்ததைப் பிளாஸ்டிக் என்று சொன்னாய். நம் வீட்டுக் கூடத்தில், உனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாய். அது பொய். அதை உனக்கு முன்பே சொன்னவன் நான். நான் சொன்னதைக் காப்பாற்றத்தான் நீயும் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் நான் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அதைத் தனியாகச் சொன்னால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவோம். நமக்கு அது பழகிய வேலை. அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சிதம்பரத்தில் விலங்கியல் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நீ கடலூரில் நம் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷத்தில்தான் இது ஆரம்பித்தது. காலையில் இட்லி மாவு எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த உன் அம்மா, பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பச்சை லவ் பேர்ட்ஸ் ஒன்று தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "மாவு எடுக்கப் போனா கிளி மொறைக்குது. இது வூடா, செத்த காலேஜா?" என்று கேட்டாள். மியூசியத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு, வளர்ப்புப் பறவைக் கடையில் செத்துப் போனது, கடைக்காரர் சும்மா கொடுத்தார், எலும்பை மட்டும் எடுத்து நிற்க வைக்கப் போகிறேன் என்றாய். காக்கை, மைனா, குருவி எதையும் தொடமாட்டேன், காட்டுப் பறவை என்றால் கீழே விழுந்த இறகை எடுத்து வைத்தாலும் சட்டப்படி தப்பு, பண்ணைக் காடையும் கூண்டில் வளர்ந்ததும் மட்டும்தான் என்றும் சொன்னாய். உன் அம்மா கேட்டது சட்டம் இல்லை. அவளுக்கு மாவுக்கு இடம் வேண்டும். கடைசியில் மேல்தட்டு உனக்கு, கீழ்த்தட்டு அவளுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டீர்கள்.

அந்தக் கிளியை எடுத்த எடுப்பில் தொட உனக்குத் தைரியம் இல்லை. காடைகளில்தான் பழகினாய். முதல் காடையைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தாய். எலும்பு நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அடுத்ததைப் பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்தாய். வெள்ளையாகத்தான் வந்தது, ஆனால் விரலால் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி மாவு ஒட்டியது. சிப்காட்டில் ரசாயன டிரம்களோடு இத்தனை வருஷம் மாரடித்தவன் என்பதால் அப்போது நான் வாயைத் திறந்தேன். பிளீச்சிங் எலும்பைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தண்ணீர் கலந்து பயன்படுத்து, கையுறை போட்டுக்கொள் என்றேன். இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீயாகக் கற்றுக்கொண்டாய். வேக வைக்கவே கூடாது, சதையை எடுத்தபின் பச்சைத் தண்ணீரில் போட்டு, மிச்சம் தானாக அழுகி விடும்வரை காத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாய். இடது கால் விரல்களும் வலது கால் விரல்களும் கலந்துவிடாமல் இருக்க இரண்டையும் தனித்தனி நைலான் சாக்ஸில் முடிந்து ஊற வைத்தாய். கொழுப்பு போகப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். கழுத்தெலும்புகளைக் கோக்க, மோட்டார் காயில் சுற்றும் கடையில் வாங்கிய மெல்லிய செம்புக் கம்பி. பசை காயும்வரை அசையாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டையில் சுற்றிலும் குண்டூசிகள். நெஞ்செலும்பு தோணியின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. அதற்கு மேலே கவண்கட்டை மாதிரி ஒன்று. கண் இருந்த இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று இருக்கும் என்று அதைச் சல்லடையில் தேடிக்கொண்டு நீ மாடியில் உட்கார்ந்திருந்ததை நான் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத பிள்ளையின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படிப்பட்ட முதுகு இல்லை.

வாடை வந்தது. வராமல் இருக்குமா. மொட்டை மாடியில் மூடி போட்ட ஜாடிகளில் காடைகள் ஊறிக்கொண்டிருந்தன. மேல் வீட்டில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். "என்னா சார், ஏதோ செத்துக் கெடக்கற மாதிரி இருக்குது?" என்றார். நான் அசராமல் வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, "காத்து தெற்கால திரும்பிடுச்சு சார். அது எங்கெங்கேயோ கெடக்கறதத் தூக்கிட்டு வருது" என்றேன். அவரும் வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நீ மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "செமயா சமாளிச்சீங்கப்பா" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் நீயே "காத்து சார்" என்று சொல்ல ஆரம்பித்தாய். என் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். வாடகைக்கு வீடு பிடிக்கும்போது என்ன ஆட்கள் என்று கேட்டார்களே, அப்போது நான் என்ன சொன்னேன் என்பதும் உனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

நான் ஏன் அப்படி ஆனேன் என்று உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகச் சொல்கிறேன். புவனகிரிக்குப் பக்கத்தில் நம் ஊர் என்று நான் சொல்வது பாதி உண்மை. ஊர் வேறு, நம் தெரு வேறு. நடுவே ஒரு வாய்க்கால். ஊரில் மாடு செத்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவார்கள். உன் தாத்தா போய்த் தூக்கி வர வேண்டும். கூலி கிடையாது, அது கடமையாம். தோலை ஒருவன் எடுத்துப் போவான். எலும்பு வெள்ளாற்றங்கரையில் காய்ந்து கிடக்கும். எலும்பு மில் லாரி வரும்போது நானும் உன் பெரியப்பாவும் சாக்கில் கட்டி ஏற்றுவோம். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே போனால் பையன்கள் மூக்கைப் பிடிப்பார்கள். வாத்தியார் என்னை ஜன்னல் ஓரமாக உட்காரச் சொன்னார். காற்றுக்காக என்றார், அவரும் காற்றைத்தான் சொன்னார். நான் குளித்துவிட்டுத்தான் போவேன். இரண்டு தடவைகூடக் குளித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அதை நிறுத்தியது உன் பெரியப்பா. மீசை அரும்புகிற வயதில், கூப்பிட வந்தவர்களிடம் வாய்க்கால் கரையில் நின்று "இனிமே நாங்க தூக்க மாட்டோம், உங்க மாடு, நீங்க பொதைச்சிக்குங்க" என்று சொன்னார். நான் அவர் பின்னால் நின்றேன், பின்னால்தான். அந்த வருஷம் நம் தெருவுக்கு நடவும் இல்லை, அறுவடையும் இல்லை. அவர் படிப்பை விட்டுவிட்டு நெய்வேலிப் பக்கம் கல் உடைக்கப் போனார். அவர் அனுப்பியதில் நான் படித்தேன். கம்பெனி வேலை கிடைத்ததும் எலும்போடு எனக்கிருந்த சம்பந்தம் அறுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் எலும்பைக் கடித்து நீ பார்த்திருக்க மாட்டாய். சதையை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு எலும்பை இலை ஓரத்தில் ஒதுக்கி, அதன் மேல் கொஞ்சம் சோற்றைத் தள்ளி மூடி வைப்பேன். பல் சரியில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவன் வீட்டு மாடியில் நீ உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், ஆசைப்பட்டு, எலும்பைக் கழுவிக்கொண்டிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. அருவருப்பும் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. சிதம்பரத்தில் நீயும் உன் நண்பர்களும் கீழவீதியில் ஒரு மாடி ஹாலைப் பிடித்து ஓவியங்களுக்கு நடுவே உன் பறவைகளை வைத்தபோது நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். கோயிலுக்கு வந்த ஒரு அம்மாள் படியேறி வந்து, "இதெல்லாம் வூட்ல வச்சா ஆகுமா தம்பி?" என்று கேட்க, நீ "கோழிக்கறி ஆகுதில்லம்மா, அந்த மாதிரிதான்" என்றாய். அவள் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பச்சைக் கிளி, இப்போது பச்சை இல்லாமல், ஒரு சவுக்குக் கட்டையின் நுனியில் இறங்கப் போகிற மாதிரி இறக்கைகளைத் தூக்கி நின்றது. பின்சுவரில் அதன் நிழல் அதைவிடப் பெரிதாக விழுந்திருந்தது. செத்ததைத் தூக்க வைத்தார்கள் உன் தாத்தாவை. நீ செத்ததை நிற்க வைத்திருந்தாய். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "லைட்டு கொஞ்சம் கீழ இருக்கலாம்டா." நீ உடனே ஸ்டூல் போட்டு ஏறி விளக்கை இறக்கிக் கட்டினாய். நிழல் இன்னும் உயரமாக எழுந்தது. "அப்பா சொன்னது கரெக்டுடா" என்று நண்பனிடம் சொன்னாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அங்கேதான் அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள் என்பதும், உன் பறவைகளைப் போட்டோ எடுக்க வந்து எடுக்க வந்து கல்யாணம் என்றே முடிவாகிவிட்டது என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. வேறு ஆட்கள். புவனகிரியில் உரக்கடை, சுற்றுவட்டாரத்தில் நிலம், தலைமுறையாக அங்கேயே வேர் விட்ட குடும்பம். அவள் அப்பா ஒத்துக்கொண்டார் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்தபோதும் நம்பவில்லை. அவரும் அவர் மனைவியும், அவர் அக்காவின் பேத்தியான ஒரு சின்னப் பெண்ணும் வந்து சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் நம்பினேன். நம்பியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டது, "புவனகிரி பக்கம்னு தம்பி சொன்னாரு. எந்த ஊரு சார்?" நான் ஊரின் பெயரைச் சொன்னேன், தெருவைச் சொல்லவில்லை. அவர் "ஓகோ, ஓகோ" என்றார். அந்த இரண்டு ஓகோவுக்கு நடுவே எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. அவர் கண் அப்படியே நகர்ந்து ஷோகேஸில் நின்ற உன் கிளிக்குப் போனது. "இது என்னா சார், நெஜ எலும்பா?" என் காதில் அது தெருவைப் பற்றிய அடுத்த கேள்வியாகத்தான் விழுந்தது. "சேச்சே, பிளாஸ்டிக் சார். பையன் ஜுவாலஜி இல்லையா, ஆன்லைன்ல மாடல் வாங்கி வச்சிருக்கான்." அவர், "அட, அப்பிடியே நெஜம் மாதிரி பண்றானுங்களே" என்றார். சின்னப் பெண் கிளி வேண்டும் என்று காலை உதைத்து அழுதது. "பிளாஸ்டிக்தான, குடுங்க சார். கொஞ்ச நேரம் வெளையாடிட்டுக் குடுத்துடும்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை பார்த்தாய். நான் எழுந்து போய் என் கையால் கண்ணாடிக் கதவைத் திறந்து, சவுக்குக் கட்டையோடு எடுத்து அந்தக் குழந்தையிடம் கொடுத்தேன்.

அந்தக் குழந்தை அதைப் பறக்கவிட்டுப் பார்த்தது. குழந்தை வேறென்ன செய்யும். முதலில் ஒரு இறக்கை சோபா கையில் இடித்துப் போனது. பிறகு டைல்ஸ் தரையில் விழுந்தது. பிளாஸ்டிக் விழுந்தால் ஒரு சத்தம் வரும். கட்டை விழுந்த சத்தம்தான் கேட்டது, எலும்புக்குச் சத்தமே இல்லை. குழந்தை பயந்துபோய் உன் முகத்தைப் பார்த்தது. நீ குனிந்து அதன் கன்னத்தைத் தட்டி, "பரவால்ல மாமா, பிளாஸ்டிக்தான். மிச்சத்தப் பாப்பாவே வச்சிக்கட்டும்" என்று சொல்லி, உடையாமல் கிடந்த தலையை எடுத்து அதன் உள்ளங்கையில் வைத்தாய். அவரை நீ மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கிளியை நீ கழுவிக் கோத்து நிறுத்த ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது என்று அந்த அறையில் உன்னைத் தவிர எனக்கும் உன் அம்மாவுக்கும்தான் தெரியும் என்று நான் அப்போது நினைத்தேன்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் உன் அம்மா துடைப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "சொன்ன வாயிதான் கூட்டணும். நான் தொட மாட்டேன்." நான் துடைப்பத்தை எடுக்கவில்லை, மண்டி போட்டு விரலால் பொறுக்கினேன். நீ வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "விடுங்கப்பா" என்றாய். அன்று மாலையே சிதம்பரம் கிளம்பினாய். கிளம்பும் முன் உன் குண்டூசி, கம்பி, ஜாடி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு பரணில் ஏற்றிவிட்டாய். அதன்பிறகு நீ ஒரு எலும்பையும் தொடவில்லை. லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்துவிட்டது, நேரம் இல்லை என்கிறாய். போனில் நான் பேச்சை எடுத்தாலே "விடுங்கப்பா" வருகிறது. என்னைத் திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

உனக்குத் தெரியாததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நான் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பொறுக்கி வைத்த துண்டுகளை ஒட்டப் பார்த்தேன். என் விரலுக்கு அது அகப்படவில்லை, தலையும் இல்லை. அதனால் காடைப் பண்ணைக்குப் போய்ச் செத்துப்போன காடை ஒன்றை வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்ட பண்ணைக்காரரிடம் "எலும்புக்கு" என்றேன். சூப்பு வைக்க என்று அவர் நினைத்துக்கொண்டு, செத்தது வேண்டாம் சார் என்று எனக்குப் புத்தி சொன்னார். நீ செய்த எல்லாத் தப்பையும் நானும் செய்தேன், உனக்குத் தோன்றாத சிலதையும் செய்தேன். சாக்ஸில் முடியாமல் ஊற வைத்ததில் இடது விரலும் வலது விரலும் கலந்துவிட்டன. கழுத்தில் ஒரு எலும்பு மிச்சமாகிவிட்டது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இது காடையா, கல்யாண மாலை போட்ட கொக்கா?" என்றாள். ஆனால் தண்ணீரை மாற்றும்போது அந்த வாடை வந்ததே, வெள்ளாற்றங்கரையில் சாக்கைத் தூக்கும்போது வந்த அதே வாடை, அதற்கு நான் மூக்கைப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கீழே வந்தார். "காத்தா சார்?" என்று அவரே கேட்டார். "இல்ல சார், காடை. மாடியில ஊற வச்சிருக்கேன்" என்றேன். அவர் இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

கடைசியில் அது நின்றது, ஒரு பக்கம் சாய்ந்து. அதை ஒரு ஸ்வீட் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, வண்டியில் முன்னால் மாட்டிக்கொண்டு புவனகிரிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மதிய நேரம், உரக்கடையில் ஆள் இல்லை. அவர் மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க சம்பந்தி, ஒரு போன் பண்ணியிருக்கலாமே. டீ சொல்லட்டா?" நான் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். "இது எலும்புங்க. நான் செஞ்சது. அன்னிக்கு ஒடஞ்சதும் எலும்புதான், எம் பையன் செஞ்சது. நான் பொய் சொன்னேன்." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தெருவைச் சொன்னேன், வாய்க்காலைச் சொன்னேன், உன் தாத்தா என்ன தூக்கினார் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரி ஏதோ ஹாரன் அடித்தது.

அவர் பெட்டியை மெதுவாக மூடினார். "உக்காருங்க சம்பந்தி. எனக்குத் தெரியும்."

"எதுங்க?"

"எல்லாந்தான். நாங்க உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எம் பொண்ணு சொல்லிடுச்சு. எந்தத் தெரு, தம்பி என்னா செய்றாரு, எல்லாத்தையும். ஒரு வாரம் நான் அதுகூடப் பேசல. அதுவும் எறங்கி வரல. ஒத்தப் பொண்ணு, என்னா பண்ணச் சொல்றீங்க."

"தெரிஞ்சிக்கிட்டா கேட்டீங்க, நெஜ எலும்பான்னு?"

"நீங்க என்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன். நீங்க பிளாஸ்டிக்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது. மனுசன் வெவரமானவரு, எங்க மானத்தயும் சேத்து அவரே காப்பாத்திக் குடுத்துடுவாருன்னு நெனச்சேன்."

"கொழந்தகிட்டக் குடுக்கச் சொன்னது?"

"அது ஜாஸ்திதான். ஒடையும்னு நெனைக்கல. ஒடஞ்ச பெறவு, சரி, அதுவும் ஒரு விதத்துல முடிஞ்சிதுன்னு தோணுச்சு. மறைக்க மாட்டேன்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார். தங்கமான பையன் என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, "ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. மண்டபத்துக்கு எங்க ஆளுங்க அத்தன பேரும் வருவாங்க. உங்க பக்கம் கம்பெனிக்காரங்க, தம்பியோட பிரண்ட்ஸ், கடலூர்ல பழகுனவங்க, எத்தன பேர வேணாலும் கூப்டுங்க. தெருக்காரங்களுக்கு அங்கயே ஒரு நாள் தனியா விருந்து வச்சிக்கலாம், நானே வந்து நிக்கறேன். உங்க அண்ணன் மட்டும் மண்டபத்துக்கு வேணாம். இந்தச் சுத்துவட்டாரத்துல அவரத் தெரியாதவன் கெடையாது" என்றார். உண்மைதான். சுடுகாட்டுப் பாதைக்காக வருஷக்கணக்காக மனுவோடு அலைந்தவர். அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லப் போனவன் நான். பெட்டியோடு போனவன். சொல்லியும் முடித்திருந்தேன். அப்போது நான் சொன்னது, "சரிங்க."

அவர் என் தோளைத் தட்டினார். டீ வந்தது, குடித்தேன். கிளம்பும்போது, "இத எடுத்துட்டுப் போயிடுங்க சம்பந்தி, யாராச்சும் பாத்தா கேப்பாங்க" என்று பெட்டியை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தூக்க மாட்டேன்னு சொன்ன மனுசன், அவரத் தூக்கி வெளிய வச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது, நான் போட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண் தன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லி, ஒரு வாரம் பேச்சில்லாமல் வீட்டில் நடமாடியிருக்கிறாள். நீ அவளிடம் கிளி எப்படி உடைந்தது என்று என்ன சொல்லியிருக்கிறாய்? கை தவறிவிட்டது என்றா? அப்படியானால் இன்றைக்கே போய்த் திருத்து. அவள் சொன்ன உண்மையின் மேல் நாம் இரண்டு குடும்பத்து ஆண்களும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். உனக்கு ஒரு குழந்தை பிறந்து, தாத்தாவின் ஊர் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், அது உன் முகத்தைப் பார்க்கும். நீ என் முகத்தைப் பார்த்து எதைக் கற்றுக்கொண்டாய் என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். நிழல் விழ விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிய அப்பன் நான். நீ செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அது எனக்குப் பிடித்தது எனக்கே அவமானமாக இருந்தது. இப்போது அந்த அவமானத்தை நினைத்துத்தான் அவமானமாக இருக்கிறது.

பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாது. உன் கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகப் போனில் சொன்னார். "மண்டபத்துல பையன் செஞ்ச பொம்மைங்கள வரிசையா வச்சா நல்லா இருக்கும்டா, அந்த எலும்புப் பறவைங்கள" என்றார். நீ அவரிடம் எப்போது காட்டினாய் என்று எனக்குத் தெரியாது. நான் "பாக்கலாம்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உரக்கடைக்குப் போகப் போகிறேன். சொன்ன "சரிங்க"வைத் திரும்ப வாங்க வேண்டும். அண்ணன் இல்லாமல் எனக்கு மண்டபம் இல்லை என்று சொல்ல வேண்டும். நீ வராவிட்டாலும் போவேன், சொல்வேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன தடவையும் தைரியமாகத்தான் போனேன். தனியாகப் போனால், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்ததும் நான் மறுபடியும் தலையை ஆட்டிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இதையும் உன் தலையில்தான் ஏற்றுகிறேன் என்பதும் தெரிகிறது. ஏற்றத்தான் செய்கிறேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினேன். படித்திருக்கிறாய், நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை. அதனால் இங்கே, எல்லார் முன்னாலும் கேட்கிறேன். விடுங்கப்பா என்று சொல்லாதே. புவனகிரி பஸ் ஸ்டாண்டில் பதினோரு மணிக்கு நிற்பேன். வருகிறாயா, இல்லையா, அதைச் சொல்.